தேனீக்களிடம் சாவைச் சொல்வது: தேன் பற்றிய பழஞ்சொற்களில் எவை நிற்கின்றன?

பெட்டிக்காரர் (தொடக்கப் பதிவு):

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாகத் தேனீ வளர்க்கிறேன். தந்தையார் விட்டுச்சென்ற மூன்று பெட்டிகளோடு தொடங்கியது. இப்போது ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன. பெட்டிகளைப் பார்க்க வருகிறவர்கள் தேனீயைப் பற்றியோ தேனைப் பற்றியோ ஏதாவது ஒரு பழஞ்சொல்லைச் சொல்லாமல் போவதில்லை. அவற்றில் எது மெய், எது அழகான பொய் என்று பிரித்துப் பார்க்கும் ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஆசையை இப்போது கிளறிவிட்டது ஒரு பழைய சடங்கு.

இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் வேறு சில பகுதிகளிலும், வீட்டுத் தலைவர் இறந்தால் அச்செய்தியைத் தேனீக்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று நம்பினார்கள். வீட்டார் ஒருவர் சாவியோடு போய் ஒவ்வொரு கூட்டையும் மெல்லத் தட்டி, உங்கள் எஜமானர் இறந்துவிட்டார் என்று சொல்லி, கூட்டின்மேல் கறுப்புத் துணி கட்டுவார். சொல்லாமல் விட்டால் தேனீக்கள் கூட்டை விட்டுப் போய்விடும், அல்லது மடிந்துவிடும் என்பது நம்பிக்கை. 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசியார் காலமானபோது அரண்மனைத் தேனீ வளர்ப்பாளர் பெட்டிகளைத் தட்டிச் செய்தி சொன்னதாக நாளிதழ்களில் வந்தது.

படித்தவுடன் சிரித்தேன்; சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. என் தந்தையார் இறந்தபோது மூன்று வாரம் பெட்டிகளின் பக்கம் யாருமே போகவில்லை. நான்காவது வாரம் மூடியைத் திறந்தால், முதல் பெட்டியில் தேனடைகளின்மேல் சிலந்திவலை போல வெண்ணூல் படர்ந்திருந்தது. மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் அடையைத் துளைத்துப் போன வழியெல்லாம் அவற்றின் எச்சம் கருந்துகள்களாகக் கிடந்தது. தேனீ ஒன்றுகூட இல்லை. இரண்டாவது பெட்டியில் ராணி இல்லாமல் ஒரு கைப்பிடித் தேனீக்கள் ஒரே சட்டத்தின் (அடையைத் தாங்கும் மரச் சட்டகத்தின்) மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. சொல்லாவிட்டால் போய்விடும் என்பது எங்கள் வீட்டில் எழுத்துக்கு எழுத்து நடந்தது. அவை துக்கத்தால் போகவில்லை, கவனிக்க ஆள் இல்லாததால் போயின என்பதுதான் வேறுபாடு.

அந்தச் சடங்கின் சாரம் சொல்வதில் இல்லை, தட்டுவதில் இருக்கிறது என்பது என் ஊகம். பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதை ஒட்டிவைத்தால், ராணி உள்ள கூட்டத்தின் ஓசை சட்டென எழுந்து சட்டென அடங்கும். ராணியை இழந்த கூட்டத்தின் ஓசை அடங்காமல் முனகலாக இழுத்துக்கொண்டே போகும். செத்த பெட்டி பேசாது. இறந்தவரின் பிள்ளை எல்லாக் கூடுகளையும் தட்டிக்கொண்டு போனால், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்ற கணக்கும் இனிமேல் இவற்றுக்கு யார் பொறுப்பு என்ற முடிவும் அன்றைக்கே கிடைத்துவிடும்.

இதிலிருந்து ஒரு கருத்தை முன்வைக்கிறேன். கூட்டுக்குள் கைவிட்டவர்கள் சொன்ன பழஞ்சொற்கள் பெரும்பாலும் நிற்கின்றன. தூரத்தில் நின்று உவமைக்காகத் தேனீயைப் பார்த்தவர்கள் சொன்னவை பெரும்பாலும் விழுந்துவிடுகின்றன. மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஏடுபுரட்டி:

உங்கள் கருத்துக்கு இருப்பதிலேயே வலுவான சான்று 'அரசன்' கதைதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், கூட்டை ஆளும் பெரிய தேனீக்களை அரசர்கள் என்றே எழுதினார். சிலர் அவற்றைத் தாய்கள் என்று அழைக்கிறார்கள் என்பதையும் அவரே குறித்து வைத்திருக்கிறார். அந்தச் 'சிலர்' கூட்டைத் திறந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொட்டும் பணித்தேனீக்கள் பெண்ணாக இருக்க முடியாது என்பதற்கு அவர் சொன்ன காரணம் இன்னும் சுவையானது: இயற்கை பெண்ணுக்குப் போர்க்கருவி கொடுப்பதில்லையாம். உண்மையோ நேர் எதிரானது. கொடுக்கு பெண் தேனீக்களுக்கு மட்டுமே உண்டு. ஆண் தேனீயிடம் அது கிடையாது.

பிறகு ரோமக் கவிஞர் வர்ஜிலும் அரசனையே பாடினார். ராணிதான் முட்டையிடும் தாய் என்று 1586இல் ஸ்பெயின் நாட்டு லூயிஸ் மெண்டஸ் தெ தொரெஸ் எழுதினார். கூட்டைப் பெண்ணரசு என்றே 1609இல் ஆங்கிலேயரான சார்லஸ் பட்லர் நூல் தலைப்பில் அழைத்தார். அதே 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் 'அரசனை' அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே சூலகங்கள் இருந்தன. இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை ஒரு சிறு கத்தியின் முனையில் முடிந்தது.

அதற்குப் பிறகும் அரசர்கள் தேனீயை விட்டுவிடவில்லை. பிராங்கிய அரசன் சில்டெரிக்கின் கல்லறை 1653இல் துர்னே நகரில் திறக்கப்பட்டபோது தேனீ வடிவிலான பொன் அணிகள் கிடைத்தன. நெப்போலியன் பழைய அரச மரபின் லில்லிப் பூவை ஒதுக்கிவிட்டுத் தேனீயைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் அந்தக் கல்லறை இருக்கிறது. பண்டை எகிப்தில் அரசனுடைய பட்டப்பெயரிலேயே தேனீ எழுத்து இடம்பெற்றிருந்தது. அவரவர் அரண்மனையை அவரவர் கூட்டுக்குள் கண்டிருக்கிறார்கள்.

ஐயவாதி:

ஏடுபுரட்டி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதே கண்ணாடியை நாமும் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சேர்க்க வேண்டும். இப்போது எல்லாரும் தேனீக் கூட்டத்தில் மக்களாட்சியைப் பார்க்கிறார்கள். இதற்குப் பின்னால் உள்ள ஆய்வு அருமையானது என்பதை மறுக்கவில்லை. விலங்கியல் அறிஞர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் தேனீயின் நடனத்தைப் படித்துக் காட்டினார். இருண்ட கூட்டுக்குள், செங்குத்தாக நிற்கும் அடையின்மேல், வயிற்றை ஆட்டிக்கொண்டு நேர்கோட்டில் ஓடும் தேனீ, சூரியன் இருக்கும் திசைக்கு எத்தனை கோணத்தில் பூ இருக்கிறதோ அத்தனை கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து விலகிக் காட்டுகிறது. எவ்வளவு நேரம் ஆடுகிறதோ அவ்வளவு தூரம். இந்தப் பணிக்காகவும் சேர்த்து 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1949இல் ஒரு செடியில் தொங்கிய கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடனமாடிய தேனீக்கள் மகரந்தத்தோடு வரவில்லை. கரியும் செங்கல் தூசியுமாக அழுக்கேறி வந்தன. போரில் இடிந்த மியூனிக் நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் புகுந்து புது வீடு தேடிவிட்டு வந்த தேனீக்கள் அவை. ஒவ்வொன்றும் தான் கண்ட இடத்துக்காக ஆடுகிறது. போட்டி குறைந்து கடைசியில் ஓரிடத்துக்காக எல்லாம் ஆடும்போது கூட்டம் கிளம்புகிறது. இதை வாக்கெடுப்பு என்று நாம் அழைப்பது வர்ஜில் அரசன் என்று அழைத்ததைப் போன்ற உவமைதான். எத்தனை பேர் ஆடினாலும் ராணி அதில் வாக்களிப்பதில்லை.

பெட்டிக்காரரின் கருத்துக்கு நேரடியான மறுப்பும் ஒன்று உண்டு. கூட்டம் பிரிந்து பறக்கும்போது தட்டு, மணி முதலியவற்றை அடித்து ஓசை எழுப்பினால் அருகிலேயே இறங்கும் என்று ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் செய்துவந்தார்களே, அது கூட்டுக்குள் கைவிட்டவர்களின் பழக்கம்தானே? தேனீக்குச் செவிப்பறை கிடையாது.

பெட்டிக்காரர்:

நல்ல கேள்வி. நானே ஓர் எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு அடித்துப் பார்த்திருக்கிறேன். கூட்டம் இறங்கியது, ஆனால் அடிக்காத நாட்களிலும் அது அருகில் ஏதாவது ஒரு கிளையில்தான் முதலில் இறங்குகிறது. கூட்டிலிருந்து பிரிந்ததும் பக்கத்தில் தொங்கி, ஐயவாதி சொன்னபடி வீடு தேட ஆள் அனுப்புவது அதன் இயல்பு. எனவே தட்டு அடிப்பவன் எப்போதும் வெற்றி பெறுவான். உணர்கொம்பால் மிக அருகிலுள்ள காற்றதிர்வையும் காலால் அடையின் அதிர்வையும் தேனீ உணர்கிறது என்பது உண்மை. அதற்காக முற்றத்தில் அடிக்கும் தட்டுக்கு அது கீழ்ப்படியும் என்று ஆகிவிடாது.

ஏடுபுரட்டி:

தட்டு தேனீக்காக அடிக்கப்பட்டதா, அண்டை வீட்டாருக்காக அடிக்கப்பட்டதா என்று கேட்டுப்பாருங்கள். 533இல் தொகுக்கப்பட்ட ஜஸ்டினியனின் ரோமச் சட்டத்தில் தேனீ காட்டு விலங்குகளின் வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் கூட்டிலிருந்து பறந்த கூட்டம், உங்கள் பார்வையில் இருக்கும்வரையிலும் துரத்திப் பிடிப்பது கடினமாகாத வரையிலும் உங்களுடையது; பார்வையிலிருந்து மறைந்தால் பிடித்தவருக்குச் சொந்தம். அப்படியானால், தட்டை அடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது, இது என்னுடையது, நான் விடவில்லை என்று ஊரறிய அறிவிப்பதாகும். அரிஸ்டாட்டில் இந்த ஓசைப் பழக்கத்தைக் குறிப்பிட்டுவிட்டு, தேனீக்குக் காது கேட்குமா என்பதே தெளிவில்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. 7ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் தேனீக்களுக்கென்றே ஒரு சட்ட நூல் இருந்தது. மாடு அடுத்தவர் வயலில் மேய்ந்தால் ஈடு தர வேண்டும் அல்லவா? தேனீயும் அடுத்தவர் பூவில்தானே மேய்கிறது! ஆகவே தேனீ வைத்திருப்பவர் அக்கம்பக்கத்து நிலத்தாருக்குப் பங்கு தர வேண்டும் என்று அந்நூல் கணக்குப் போடுகிறது. கோங்கல் என்ற அரசன் தேனீ கொட்டி ஒரு கண்ணை இழந்ததும், ஊனத்தின் காரணமாகத் தாரா என்ற அரச பீடத்தின் அரியணையிலிருந்து இறக்கப்பட்டதும் அதிலேயே வழக்காகப் பதிவாகியிருக்கிறது. இன்று நிலத்துக்காரர்கள் மகரந்தச் சேர்க்கைக்காகப் பெட்டிக்காரர்களுக்குப் பணம் கொடுத்துத் தேனீயை வரவழைக்கிறார்கள். அந்த அயர்லாந்துச் சட்டக்காரர்கள் இதைக் கண்டால் என்ன சொல்வார்களோ!

பரிசோதனைக்குழாய்:

உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில், தேனைச் சோதிக்கும் பழஞ்சொற்களைப் பற்றி எழுதுகிறேன். இந்த வகையில் பெட்டிக்காரரின் கருத்து தோற்றுப்போகிறது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இவற்றைச் சொல்கிறவர்களில் தேன் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல தேன் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் நிற்கும், கட்டைவிரலில் வைத்தால் ஓடாது, நல்ல தேனில் தோய்த்த தீக்குச்சி பற்றும், அசல் தேனை எறும்பு தொடாது என்றெல்லாம் சொல்கிறார்கள். முதல் மூன்றும் தேனின் தூய்மையைச் சோதிப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பாகு எவ்வளவு கெட்டி என்பதையே சோதிக்கின்றன. நன்றாகக் காய்ச்சி இறுக்கிய வெல்லப்பாகு இந்த மூன்றிலும் வென்றுவிடும். மழைக்காலத்தில் அவசரமாக எடுத்த அசல் தேன் மூன்றிலும் தோற்றுவிடும். எறும்பைப் பொறுத்தவரை, பெட்டிக்காரரின் பெட்டிக் கால்கள் ஏன் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன என்று அவரையே கேளுங்கள்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைகள். பெரும்பகுதி ஃபிரக்டோஸும் குளுக்கோஸும்; நீர் ஏறத்தாழ 17 அல்லது 18 சதவீதம். உலக உணவுத் தர விதிகள் பொதுவாக 20 சதவீதம் வரை நீரை அனுமதிக்கின்றன. அதற்கு மேல் போனால் நொதிக்கத் தொடங்கும். கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி பெரும்பாலான தேன் பூக்களின் வழியிலிருந்து வேறுபட்டது. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் வகையின் விகிதம் வேறாக இருக்கும், அதைக் கொண்டு பிடித்துவிடலாம். அரிசியிலிருந்தும் பீட்ரூட் இனக் கிழங்கிலிருந்தும் எடுக்கும் பாகு அந்தச் சோதனையில் சிக்காது. ஆகவேதான் அணுக்காந்த ஒத்ததிர்வு (NMR) என்ற நுட்பமான கருவிச் சோதனை வரை போக வேண்டியிருக்கிறது. கட்டைவிரல் பாவம், அது என்ன செய்யும்?

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஐந்தாவது ஒரு நம்பிக்கை: உறைந்த தேன் சர்க்கரை கலந்தது என்பது. குளுக்கோஸ் தண்ணீரில் குறைவாகவே கரையும். அது அதிகமாக உள்ள தேன் சில வாரங்களிலேயே மணல்மணலாக உறையும். ஃபிரக்டோஸ் அதிகமாக உள்ள தேன் ஆண்டுக்கணக்கில் நீராகவே இருக்கும். உறைவது இயற்கை. உறைந்த தேனைப் போத்தலோடு வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் பழையபடி இளகும். அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்தால்தான் மணமும் நொதிகளும் கெடும். உறையக் கூடாது என்று வாங்குகிறவர்கள் வற்புறுத்துவதால்தான் விற்பவர்கள் தேனைக் கூடுதலாகச் சூடாக்குகிறார்கள்.

மற்றொரு பழஞ்சொல்லுக்கு நான் சாட்சி சொல்லத் தயார்: தேன் கெடாது. நீர் குறைவு, அமிலத்தன்மை மிகுதி; போதாததற்குத் தேனீ சேர்க்கும் ஒரு நொதி, தேன் நீர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. எகிப்தியர்கள் காயத்துக்குத் தேனும் கொழுப்பும் பஞ்சும் வைத்துக் கட்டினார்கள் என்று எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பண்டை எகிப்திய மருத்துவ ஏடு சொல்கிறது. இன்றும் கிருமி நீக்கிய மருத்துவத் தேன் புண்களுக்குப் பயன்படுகிறது. ஆனால் கெடாது என்பது மூடி இறுக்கமாக இருக்கும் வரைதான். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதில் தேனுக்கு நிகரில்லை.

அடுக்களை:

ஒரு கேள்வி. பிறந்த குழந்தையின் நாவில் முதலில் தேனைத் தொட்டுவைக்கும் வழக்கம் பல மக்களிடம் இருக்கிறது. காயத்துக்கே மருந்து என்றால் குழந்தைக்கு மட்டும் ஏன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் இதற்காகப் பெரிய வாக்குவாதமே நடந்தது.

பரிசோதனைக்குழாய்:

அம்மா, இந்த ஒன்றில் மருத்துவர் பக்கம் உறுதியாக நில்லுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். தேனுக்குள் அவை முளைப்பதில்லை, சாவதும் இல்லை. பெரியவர்களின் குடலில் முளைக்க வழியில்லாமல் போய்விடும். கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, பால் குடிக்கும் வலுவும் தலையை நிறுத்தும் வலுவும் குறைந்து, மூச்சுத் தசைகள்வரை தளரும். இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டதே 1976இல்தான். அதற்கு முன்பு இறந்த குழந்தைகளின் சாவுக்கு எந்தப் பாட்டியும் தேனைக் காரணமாக நினைத்திருக்க முடியாது. ஆயிரம் முறை கொடுத்து ஒரு முறை நேரும் தீங்கை அனுபவம் கண்டுபிடிக்காது. அதைக் கணக்குதான் கண்டுபிடிக்கும்.

பெட்டிக்காரர்:

கடைசி வாக்கியம் என் கருத்தில் விழுந்த நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். கண்ணெதிரே உடனே விளைவைக் காட்டும் வேலையில்தான் கை ஆசான். எப்போதோ ஒருமுறை காட்டுவதில் கை குருடுதான். பெட்டிக் கால்களின் கிண்ணத்தைப் பற்றிய குத்தலையும் ஏற்கிறேன். இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் எறும்பு வரிசை கட்டிவிடுகிறது.

பறவைநோக்கர்:

நீங்கள் எல்லாரும் மனிதர்களின் பழஞ்சொல்லைப் பேசுகிறீர்கள். ஒரு பறவையையும் உள்ளே விடுங்கள். ஆப்பிரிக்காவில் தேன்காட்டிப் பறவை என்று ஒன்று இருக்கிறது. மனிதனைக் கண்டால் கத்திக் கூப்பிட்டு, மரத்துக்கு மரம் தாவி, காட்டுத் தேன்கூடு வரை அழைத்துப் போகும். மனிதன் புகைபோட்டுக் கூட்டை உடைத்துத் தேனை எடுப்பான்; பறவை மெழுகையும் புழுக்களையும் தின்னும். மெழுகைச் செரிக்கக்கூடிய மிகச் சில உயிர்களில் அதுவும் ஒன்று. 1588இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் சொஃபாலா என்ற இடத்தில் இருந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஜுவாவ் டோஸ் சாந்தோஸ், ஒரு சிறு பறவை தேவாலயத்துக்குள் நுழைந்து பீடத்து மெழுகுவத்திகளைக் கொத்தித் தின்பதைக் கண்டு எழுதிவைத்தார். அதே பறவை மனிதரைத் தேனுக்கு அழைத்துப் போகும் என்பதையும் அவர் எழுதியிருக்கிறார்.

வெகுகாலம் இது கதை என்றே பலரால் நினைக்கப்பட்டது. 2016இல் மொசாம்பிக்கில் யாவோ மக்களோடு நடந்த ஓர் ஆய்வு அதை அளந்து காட்டியது. தேனெடுப்பவர்கள் தந்தையரிடம் கற்ற ஒரு தனிக் குரல் இருக்கிறது. நாவை உருட்டி 'பிர்ர்ர்' என்று இழுத்து 'ஹ்ம்' என்று முடிப்பது. அந்தக் குரலை எழுப்பியபடி நடந்தால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தது; கூட்டைக் கண்டடையும் வாய்ப்பு மொத்தத்தில் 17 சதவீதத்திலிருந்து 54 ஆனது. பறவைக்கு இதைத் தாய் கற்பித்திருக்க முடியாது. ஏனெனில் அது குயிலைப் போல வேறு பறவையின் கூட்டில் வளர்கிறது.

பறவைக்குப் பங்கு வைக்காவிட்டால் அடுத்த முறை அது உன்னைச் சிங்கத்திடமோ பாம்பிடமோ அழைத்துப் போகும் என்பது அங்குள்ள பழமொழி. யாவோ மக்கள் மெழுகை எடுத்து இலையின்மேல் வைத்துவிட்டு வருகிறார்கள். தான்சானியாவின் ஹாட்சா மக்களோ பல வேளைகளில் மெழுகைப் புதைத்துவிடுகிறார்கள் அல்லது எரித்துவிடுகிறார்கள். பறவை பசியோடு இருந்தால்தான் அடுத்த கூட்டையும் காட்டுமாம். ஒரே பறவை, எதிரெதிரான இரண்டு பழஞ்சொற்கள். இரண்டு இடத்திலும் கூட்டுக்குள் கைவிட்டவர்களே சொன்னவை. இதற்குப் பெட்டிக்காரர் என்ன சொல்கிறார்?

பெட்டிக்காரர்:

இரண்டு இடத்திலும் மறுநாளும் பறவை வருகிறது அல்லவா? அப்படியானால் இரண்டுமே வேலை செய்கின்றன. எதற்காக வேலை செய்கிறது என்பதற்கான காரணத்தில்தான் அவர்கள் மாறுபடுகிறார்கள். பழஞ்சொல்லில் செயலை நம்பலாம், அதற்குச் சொல்லப்படும் காரணத்தை நம்ப வேண்டியதில்லை என்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

ஏடுபுரட்டி:

நம் மொழிக்கு வருவோம். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல என்று நாம் இன்றும் சொல்கிறோம். குறுந்தொகையின் 60ஆம் பாட்டில் பரணர் இதையே காட்டுகிறார்: உயர்ந்த மலையில் பெருந்தேன் இறாலை, அதாவது தேனடையை, கண்ட முடவன், கீழே இருந்தபடியே உள்ளங்கையைச் சிறு கிண்ணம்போலக் குவித்து, அந்த இறாலைச் சுட்டிச் சுட்டி விரலை நக்குகிறான். பழமொழி அவனைக் கேலி செய்கிறது. பாட்டிலோ தலைவி, காதலர் அருளாவிட்டாலும் அவரைப் பலமுறை காண்பதே இனிது என்று அவனோடு தன்னை ஒப்பிடுகிறாள். இரண்டாயிரம் ஆண்டில் பரிவு தேய்ந்து கேலி மட்டும் எஞ்சியிருக்கிறது.

கருமிக்குத் தேனீயைச் சான்றாகக் காட்டுவது நாலடியார். உடுக்காமலும் உண்ணாமலும் கொடுக்காமலும் சேர்த்துவைப்பவர் அதை இழப்பர், அதற்குத் தேனீயே 'கரி', அதாவது சாட்சி என்கிறது. மகாபாரதத்தில் விதுரர் திருதராட்டிரனுக்குச் சொல்லும் கிணற்றுக் கதையில், யானைக்கும் பாம்புக்கும் நடுவே கொடியில் தலைகீழாகத் தொங்குகிறவன், கொடியை எலிகள் கடித்துக்கொண்டிருக்கும்போதும் மேலிருந்து சொட்டும் தேனை நக்கிக்கொண்டிருக்கிறான். இக்கதை சமணத்திலும் பௌத்தச் சாயலுள்ள கதைகளிலும் புகுந்து, இடைக்கால ஐரோப்பாவில் கிறித்தவக் கதையாகவும் சொல்லப்பட்டது. இனிமைக்கும் ஆபத்துக்கும் நடுவே தொங்கும் மனிதனைக் காட்டத் தேனைவிடப் பொருத்தமான பண்டம் எந்த மொழிக்கும் கிடைக்கவில்லை போலும்.

பெட்டிக்காரர்:

நாலடியார் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தேனீயின் சார்பில் ஒரு வழக்குரைக்க அனுமதியுங்கள். அது உண்ணாமல் சேர்ப்பதில்லை. பூ இல்லாத மாதங்களில் அந்தச் சேமிப்பைத்தான் தின்கிறது. கருமியின் செல்வம் அல்ல அது, குதிருக்குள் இருக்கும் விதைநெல்லும் உணவு நெல்லும்தான். நாம் திருடுகிறோம் என்பதற்காக அது கருமியாகிவிடுமா?

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்ற பழமொழிக்கோ நான் கைகட்டி நிற்கிறேன். ஏன் புறங்கை என்று ஒருநாளாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? தலைக்குமேல் உள்ள அடையை அறுக்கும்போது உள்ளங்கையில் கத்தி இருக்கும். வழியும் தேன் விரல் கணுக்களின் மேலேறிப் புறங்கை வழியாக மணிக்கட்டுக்கு ஓடும். நக்குவதற்குச் சுத்தமாக இருக்கும் இடமும் அது ஒன்றுதான். தேனெடுத்த ஒருவன்தான் இந்தச் சொல்லைச் செய்திருக்க முடியும். இதை இன்றைக்கு லஞ்சத்துக்குச் சமாதானமாக எடுத்துச் சொல்கிறார்கள் என்பது வேறு வருத்தம்.

ஐயவாதி:

நம் காலத்துப் பழஞ்சொல் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துவிடலாம். தேனீக்கள் அழிந்தால் மனிதன் நான்கே ஆண்டுகளில் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாகப் பரவுகிறதே, அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்றே இல்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அச்சொல் பரவத் தொடங்கியது. முக்கிய உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, பூச்சி முதலிய உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையால் ஓரளவாவது பயன்பெறுகின்றன; விளைச்சலின் எடையில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியது. நெல், கோதுமை, மக்காச்சோளத்துக்குத் தேனீ தேவையில்லை. தேனீ இல்லாவிட்டால் பட்டினி கிடப்பதைவிட, காய்கனியும் விதையும் குறைந்து தட்டு வெறிச்சோடும் என்பதே சரி.

இன்னொரு எதிர்ச்சான்று. ஐரோப்பாவில் வைக்கோல் கூடைகளில் தேனீ வளர்த்தவர்கள், தேனெடுக்கும் பருவத்தில் கூடையைக் கந்தகப் புகைக் குழியின்மேல் வைத்துக் கூட்டத்தையே கொன்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூட்டுக்குள் கைவிட்டவர்கள்தாமே அவர்களும்?

பெட்டிக்காரர்:

ஆம், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. 1851இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், சட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீ அதை மெழுகாலும் பிசினாலும் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கும் என்பதைப் பெட்டியில் பயன்படுத்தினார். அந்த ஒரு விரல் அகலமும் இல்லாத இடைவெளிதான், கூட்டத்தைக் கொல்லாமல் சட்டத்தைத் தூக்க வழி செய்தது. அவருக்கு முன்பு ஸ்விட்சர்லாந்தின் பிரான்சுவா ஹூபர் புத்தகம்போல் விரியும் கூட்டைச் செய்து தேனீயை ஆராய்ந்தார். அவர் பார்வையற்றவர், உதவியாளர் பர்னென்ஸ் கண்டு சொன்னதைக் கொண்டு அவர் கேள்வி கேட்டார், கேள்விக்கேற்பப் பர்னென்ஸ் மறுபடியும் கண்டார். ராணி கூட்டுக்கு வெளியே பறந்துபோய்ப் புணர்கிறது என்று அவர்கள் இருவரும் நிறுவினார்கள். கை மட்டும் போதாது, கேள்வியும் வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டியவன் நான்.

இந்த விவாதத்தின் விளைவாக இன்று காலை ஒன்பது பெட்டிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். எட்டு உடனே அடங்கின. ஏழாவது அடங்கவில்லை. திறந்தால், அறைகளில் முட்டையும் இல்லை, இளம்புழுவும் இல்லை. மூடிய அறைகள் மட்டும் சில இருந்தன. ராணி போய் ஒன்பது பத்து நாளாவது ஆகியிருக்கும். இரண்டாவது பெட்டியிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு, ஏழாவதன் நடுவில் வைத்திருக்கிறேன். நான்கு நாளில் அந்தச் சட்டத்தில் நிலக்கடலை போல ராணி அறை தொங்கினால் இங்கே எழுதுகிறேன்.

அடுக்களை:

எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறோம். எங்கள் வீட்டு வாக்குவாதம் முடிந்துவிட்டது. தேன் புட்டி மேல்தட்டுக்குப் போய்விட்டது.